தலை சுற்றினால் யார் குற்றம்?

விஆர் கண்ணாடி மாட்டிக் குமட்டுகிறதென்றால், "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். பழியை உடம்பின் மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஓடுகிறோம் என்கிறது கண். அசையவே இல்லை என்கிறது உள்காது. இந்த இழுபறியில்தான் வயிறு புரட்டுகிறது. 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டஸும் ஃபைனரும், நகரும்போது மட்டும் காட்சியின் ஓரங்களை மெல்லக் குறுக்கிப் பார்த்தார்கள்; உபாதை குறைந்தது, பெரும்பாலோர் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்சியின் நடுவே ஒரு பொய் மூக்கையே வரைந்து வைத்தார்கள் (சிரிக்காதீர்கள், பலன் இருந்தது). இப்படி வழிகள் இருந்தும், அவற்றை செட்டிங்ஸின் அடியாழத்தில் ஒளித்துவைக்கும் விளையாட்டுகள் உண்டு. முதல்முறை மாட்டுபவருக்கு இந்த வழிகள் தாமாகவே இயங்கட்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். கழற்றிய பிறகும் சிலருக்குக் கால் தள்ளாடும் என்பதால், உடனே வண்டியை எடுக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் திரையிலேயே வரவேண்டும்.