கொத்துகிற சேவலுக்கு வாரிசு எதற்கு?

சேவலின் சுபாவத்தைப் பற்றி எழுத ஒரு பக்கம் தேவையா என்று கேட்பவர்கள், நாம் முதுகைத் திருப்பியதும் பாய்கிற சேவலோடு ஒரே முற்றத்தில் குடியிருந்திருக்க மாட்டார்கள். அது கொத்துவதோடு நிற்பதில்லை. எகிறிக் குதித்து இரண்டு கால்களின் முள்ளாலும் அடிக்கிறது. பெரியவர்களுக்கு முழங்காலில் விழுகிற அடி, மூன்று வயதுக் குழந்தைக்கு முகத்தில் விழும். கண்ணுக்குப் பக்கத்தில்.

ஆனாலும் பல வீடுகளில் அந்தச் சேவலைத்தான் இனவிருத்திக்கு வைத்துக்கொள்கிறார்கள். ரோஷமான சேவல், கீரி கிட்டே வராது, குஞ்சு திடமாக வரும் என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இதைச் சொல்பவர் வீட்டு ஆண்பிள்ளை. தினமும் காலையில் கூட்டைத் திறந்து, தீவனம் போட்டு, முட்டை பொறுக்கி, காலில் ரத்தம் கசியத் திரும்புகிறவள் வீட்டுப் பெண். புறக்கடைக் கோழி வளர்ப்பு இந்தியா முழுவதும் பெண்கள் கையில் இருக்கிற தொழில். எந்தச் சேவல் தங்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களைக் கேட்பவர் குறைவு.

பண்ணையிலிருந்து ஒருநாள் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நாட்டுக்கோழி முட்டையை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கிறவர்களுக்குத்தான் கேள்வி. இந்தச் சேவலின் கோபம் குஞ்சுகளுக்கும் வருமா?

ரோஷம் என்றால் நம் நாட்டில் முதலில் அசீலைச் சொல்ல வேண்டும். ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளில் பேர்போன சண்டை இனம். அசீல் என்ற சொல்லுக்கே சுத்தமான வம்சம் என்று பொருள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960லேயே வந்துவிட்டாலும், கோதாவரி மாவட்டங்களில் சங்கராந்திப் பந்தயம் நின்றபாடில்லை. அந்த விவகாரம் இப்போது வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. எதிரில் இன்னொரு சேவல் நின்றால் சாகும்வரை விடாத அசீல், வளர்க்கிறவர் மடியில் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கும். அவர் அதைக் குளிப்பாட்டுவார், உடம்பு பிடித்துவிடுவார், காயத்துக்கு மருந்து போடுவார். சண்டைக்கு நடுவிலும் கையால் தூக்குவார். தூக்குகிற கையைக் கொத்துகிற சேவல் இந்தத் தொழிலுக்கு ஆகாது. அதனால் தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்டவற்றைக் கழித்துக் கட்டினார்கள். ரோஷம் வேறு, மனிதனைத் தாக்குவது வேறு என்பதை அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை.

பல்கலைக்கழகமும் பிறகு அதையொட்டித்தான் வந்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சண்டை இனச் சேவல்களையும் பிராய்லர் தாய்ப்பண்ணைச் சேவல்களையும் ஒப்பிட்டு 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சண்டைச் சேவல்கள் மற்ற சேவல்கள் மீது பாய்ந்தன. பெட்டைகளைத் தொந்தரவு செய்யவில்லை. பெட்டைகளைத் துரத்தித் துரத்திக் காயப்படுத்தியவை சாதுவாகத் தோன்றும் பிராய்லர் சேவல்கள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசீலை இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குக் கொண்டுபோய்க் கலந்து உருவாக்கியதே கார்னிஷ் இனம். இன்றைய பிராய்லரின் தந்தை வழி அதுதான். அந்த வம்சத்தில் மார்புக் கறியையும் வளர்ச்சி வேகத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் சுபாவத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஆக, சேவலின் கோபத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு சேவலோடு மோதுவது இயல்பு. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெட்டையைக் கிழிப்பதும் மனிதனைத் தாக்குவதும்தான் குற்றம்.

வம்சத்தில் வருமா என்றால், வரும். அமெரிக்காவின் கான்சாஸில் வெள்ளை லெகார்ன் கோழிகளில் முரடுகளை முரடுகளோடும் சாதுக்களைச் சாதுக்களோடும் சேர்த்துப் பார்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே இரண்டு வம்சங்களும் பிரிந்துவிட்டன. 1960இல் வெளிவந்த ஆய்வு இது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் காட்டுக்கோழிகளில் மனிதனுக்கு அஞ்சாத, அமைதியானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அங்கும் சில தலைமுறைகளில் வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் ரத்தத்தின் மீது போட முடியாது. தனியாகக் கையில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல் குஞ்சு பெரிதானதும் மனிதனையே தன் போட்டிச் சேவலாக நினைக்கும். பிள்ளைகள் குச்சியால் சீண்டிய சேவல் சும்மா இருக்காது. ஐந்தாறு மாதத்தில் ஹார்மோன் ஏறும்போது நல்ல சேவலும் கொஞ்ச காலம் தலைகால் தெரியாமல் ஆடும். நெருக்கடியான கூடும், ஒரு பெட்டைக்கு இரண்டு சேவல் என்ற கணக்கும் கோபத்தைக் கிளறும். திருப்பி உதைப்பது வீண். அதைச் சேவல் சவாலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பிரித்தறிய எளிய வழி, அதன் உடன்பிறப்புகளைப் பார்ப்பது. ஒரே தாயின் கீழ், ஒரே முற்றத்தில், யாரும் சீண்டாமல் வளர்ந்த அண்ணன் தம்பிகள் பலவும் மனிதன் மீது பாய்கின்றன என்றால் கோளாறு வம்சத்தில் இருக்கிறது. இது ஒன்று மட்டும் பாய்கிறது, இதைத்தான் பிள்ளைகள் துரத்தி விளையாடினார்கள் என்றால் வளர்ப்பில் இருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால்? சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஒரு பெட்டையின் குணம் அது இடும் முட்டைகளோடு போகிறது. பத்துப் பெட்டைகளுக்கு ஒரே சேவல் என்றால், முற்றத்தில் ஓடும் அத்தனை குஞ்சுகளிலும் பாதி அந்தச் சேவலுடையது. அதே சமயம் சேவலுக்குப் பஞ்சமும் கிடையாது. ஒவ்வொரு ஈட்டிலும் ஏறக்குறைய பாதி சேவல் குஞ்சுகள்தான். அவற்றில் பெரும்பாலானவை குழம்புக்குத்தான் போகின்றன. தேர்ந்தெடுக்க இத்தனை இருக்கும்போது கொத்துகிற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

உடம்பு பெரிதாக இருக்கிறதே என்பார்கள். இங்கே அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட சோதனையைச் சொல்ல வேண்டும். அலகு வெட்டாத முட்டைக்கோழிகளைப் பல சேர்ந்த கூண்டுகளில் குடும்பம் குடும்பமாக அடைத்தார். தனிக்கோழியின் முட்டையைப் பார்க்காமல் கூண்டு முழுவதன் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் வருடத்துக்கு 68 சதவீதமாக இருந்த சாவு, நான்காம் தலைமுறையில் 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. முட்டையும் கூடியது. முற்றத்துக்கும் இது பொருந்தும். தட்டில் மற்றவற்றைத் தள்ளிவிட்டுத் தின்றே கொழுத்த குஞ்சு நம் கண்ணுக்கு முதல்தரமாகத் தெரிகிறது. அதன் எடையில் ஒரு பகுதி தம்பிகளின் பங்கு.

கீரி, பருந்துக்குக் காவல் வேண்டும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் நல்ல காவல் சேவல் கண்ணாலும் குரலாலும் காவல் காக்கிறது. வானில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். இரை கிடைத்தால் தான் தின்னாமல், கொக்கொக்கென்று அழைத்துப் பெட்டைகளுக்குக் காட்டும். ஒரு வயதுவரை பொறுத்திருந்து, இப்படி நடந்துகொள்கிற சேவலைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். எது என்பதைத் தீவனம் போடுகிறவளிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பழைய சேவலைக் கழித்த மறுநாளே அடைவைக்கக் கூடாது. பெட்டையின் உடம்பில் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். புதுச் சேவலை விட்டாலும், மூன்று வாரத்துக்குப் பிறகு இடும் முட்டையைத்தான் அதன் கணக்கில் நிச்சயமாக எழுதலாம். அதுவரை வருகிற முட்டைகளை வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கழித்த சேவலை விற்பதானால், என்ன காரணத்துக்காகக் கழித்தோம் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கலாம்.