மக்கள் இதைத்தான் கேட்கிறார்களா?

"ஜனங்க இதைத்தான் சார் பாக்கறாங்க, நாங்க என்ன பண்றது?" டிவிக்காரர்களிடம் எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ஒரே வீட்டுக்குள் நூறு நாள் ஆட்களை அடைத்து வைத்துச் சண்டை போட விட்டால் டி.ஆர்.பி. எகிறுமாம். காட்டையும் கடலையும் காட்டும் ஆவணப்படத்தை யாரும் சீந்த மாட்டார்களாம். ஓய்வு பெற்றபின் ரிமோட்டும் கையுமாக இருக்கும் என்னால் இதை நம்ப முடியவில்லை.

இங்கிலாந்தில் 2016 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஞாயிறு இரவு, வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம். ஐ.டி.வி.யில் 'எக்ஸ் ஃபாக்டர்' பாட்டுப் போட்டி. பி.பி.சி. ஒன்றிலோ, 90 வயது டேவிட் அட்டன்பரோவின் குரலில் 'பிளானட் எர்த் 2'. கலாபகஸ் தீவில் அப்போதுதான் முட்டையை விட்டு வந்த இகுவானா குஞ்சு ஒன்று, துரத்தும் பாம்புகளிடமிருந்து தப்பி ஓடுகிறது. 16 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் பாட்டுப் போட்டியைவிட இதைப் பார்த்தவர்களே அதிகம். அடுத்த ஆண்டு 'புளூ பிளானட் 2' வந்தது. அதன் முதல் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். 2017ல் அந்நாட்டில் எல்லா நிகழ்ச்சிகளையும் முந்தியது ஒரு கடல் ஆவணப்படம்!

'அது வெள்ளைக்காரன் ரசனை' என்பீர்களா? 1990களில் தூர்தர்ஷனில் வந்த 'சுரபி' நினைவிருக்கிறதா? சித்தார்த் காக்கும் ரேணுகா ஷஹானேயும் நம் நாட்டுக் கலைகளையும் கைவினைகளையும் காட்டினார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிய அஞ்சலட்டைகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அப்போது வேறு சேனல்கள் அதிகம் இல்லை, உண்மைதான். ஆனால் அஞ்சலட்டை எழுதும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

உண்மையான காரணம் ரசனை இல்லை, காசு. 'புளூ பிளானட் 2'வின் ஏழு பகுதிகளை எடுக்க நான்கு ஆண்டுகள் ஆயின. ரியாலிட்டி ஷோவில் ஒரே செட்டும் சில டஜன் கேமராக்களும் தினம் ஒரு பகுதியைக் கொடுத்துவிடும். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் சேனல் எதைத் தேர்ந்தெடுக்கும்? பி.பி.சி.க்கு மக்கள் கட்டும் உரிமக் கட்டணம் இருக்கிறது, அதனால் காத்திருக்க முடிந்தது.

டி.ஆர்.பி. கணக்கும் ஒன்றைச் சொல்வதில்லை. 2020ல் சுமார் 21 கோடி டிவி வீடுகளுக்கு 44,000 வீடுகளில் மீட்டர் இருந்தது. அந்த வீடுகளில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று அது சொல்லும். போடாத நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எந்த மீட்டரும் சொல்லாது.

தனியார் சேனல்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வியாபாரம் அது. ஆனால் தூர்தர்ஷன் நம் வரிப்பணத்தில் நடப்பது. பொதிகையாக இருந்து 2024ல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய நம் சேனல் ஒன்று செய்யலாம். வால்பாறையின் சிங்கவால் குரங்கையும் மன்னார் வளைகுடாவின் கடற்பசுவையும் பொறுமையாகப் படம் பிடித்து, நல்ல தமிழ்க் குரல் கொடுத்து, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போடட்டும். நள்ளிரவிலோ மத்தியானத்திலோ வேண்டாம். ஓராண்டு தொடர்ந்து போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஜனங்களின் ரசனையைப் பற்றிப் பேசட்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் எட்டு மணிக்கு இப்போது என்ன ஓடுகிறது?