சாட்சிகள் இருக்கும்போதே கேட்போம்

தரம் பத்து வரலாற்றுப் பாடத்தின் நடுவே ஒரு மாணவி கேட்டாள்: "சேர், உம்மும்மாட ஊர் எருக்கலம்பிட்டி. உம்மா பிறந்தது புத்தளம் முகாமில. ஏன் சேர்?" மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. மணி அடிக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் முறைகள் பல படித்தேன். இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அங்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவு மக்களில் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தனர். பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று இம்மக்களின் சாட்சியங்களைக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. அது எத்தனை வகுப்பறைகளுக்குள் வந்தது?

இந்த இடத்தில் கனடாவின் பூர்வீகக் குடிகளிடம் நாம் கற்க ஒன்றிருக்கிறது. அங்கு அரசும் தேவாலயங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக சுமார் 1,50,000 பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் வைத்தன. தாய்மொழி பேசினால் தண்டனை. நமக்கு நேர்ந்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆனால் தப்பிப் பிழைத்தோர் பேசிய விதம் நமக்கும் பாடம்.

பில்லிஸ் வெப்ஸ்டாட் 1973இல் ஆறு வயதில் அத்தகைய பாடசாலைக்குப் போனார். பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையை முதல் நாளே பறித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன அந்தச் சிறு கதையால் இன்று செப்டெம்பர் 30ஆம் திகதி கனடாவெங்கும் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிகிறார்கள். அங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகளும்தான். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 6,500க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்டு, 2015இல் 94 கோரிக்கைகளை முன்வைத்தது. பிழைத்தோருடன் கலந்து பேசி இவ்வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது 62ஆவது கோரிக்கை.

"பழைய புண்ணைக் கிளறுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தேர்தல் மேடையும் வாட்ஸ்அப்பும் சொல்லும். அங்கு வரலாறு இருக்காது, வெறுப்புத்தான் இருக்கும்.

சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கதையை, அவர் சம்மதித்தால் மட்டும், அவருடைய சொல்லிலேயே எழுதி வரட்டும். அழுதபடி வழியனுப்பிய தமிழ் அயலவரின் கதையும் அதில் இருக்கட்டும். யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு இன்றும் தேடும் தமிழ்த் தாயின் கதையை நம் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து கேட்கட்டும். நம் வலியைக் கேட்கச் சொல்லும் நாம், பிறர் வலிக்குக் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

1990இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சாட்சியம் மண்ணுக்குள் போகிறது. அடுத்த வரலாற்றுப் பாடத்துக்கு அந்த மாணவியின் உம்மும்மாவை அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.