பட்டறை பில்: "காப்புறுதிதானே கட்டுது" என்பது பாதி உண்மை

சுங்காய், பீடோர், சிலிம் ரீவர் பக்கம் நெடுஞ்சாலையிலோ பழைய சாலையிலோ கார் அடிபட்டு, பட்டறை நீட்டும் கணக்கு பெரிதாகத் தெரிந்தாலும், நம்மவர்கள் பெரும்பாலும் அதைக் கேள்வி கேட்பதில்லை. "இன்சூரன்ஸ்தானே கட்டுது, நமக்கென்ன?" என்று விட்டுவிடுகிறோம். பட்டறைக்காரர் பட்டியல் போட, மதிப்பீட்டாளர் பார்த்துச் செல்ல, நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம்.

ஆனால் அந்தக் கணக்கில் நம் பணமும் கலந்திருக்கிறது. கார் 5 வயதைத் தொட்டுவிட்டால், உடைந்த பாகத்துக்குப் பதில் புதிய அசல் பாகம் போடும்போது விலையில் ஒரு பங்கை உரிமையாளர் கட்ட வேண்டும். 'பெட்டர்மென்ட்' என்று சொல்வது இதைத்தான். 5 வயது காருக்கு 15 விழுக்காடு, 6 வயதுக்கு 20 என்று ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறி, 10 வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. தோட்டப்புறத்தில் ஓடும் சாகா, மைவி கார்களில் 5 வயதைத் தாண்டாதவை எத்தனை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வயது மைவிக்கு 4,000 வெள்ளிக்குப் புதுப் பாகங்கள் என்றால், 35 விழுக்காடாக 1,400 வெள்ளி நம் தலையில் விழும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். தட்டி நிமிர்த்திய கதவைப் 'புதியது' என்று எழுதி, மாற்றாத விளக்கையும் சேர்த்துப் பட்டியலில் 1,000 வெள்ளியை ஏற்றினால், அதில் 350 வெள்ளி நம் சட்டைப்பையிலிருந்து போகிறது. மீதி 650-ஐக் காப்புறுதி நிறுவனம் கட்டும். அந்தச் செலவு நாளை யாருடைய சந்தாவில் ஏறும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டர்மென்ட்டைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பாதுகாப்பும் விற்கப்படுகிறது. பழைய கார் வைத்திருப்பவர் சாலை வரி புதுப்பிக்கும் நாளில் அதைப் பற்றிக் கேட்டுவைப்பது நல்லது.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதுவது எளிது, நியாயம் இல்லை. மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம், 2011-இல் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு 132-ஆம் எண் சுற்றறிக்கையை அனுப்பியது. அதன்படி, பியாம் அங்கீகரித்த பட்டறைகளுக்கு ஒரு மணி நேர வேலைக்கூலி 30 வெள்ளி. புரோட்டோன், பெரோடுவா உட்பட 6 வகைக் கார்களின் உதிரிபாக விலையில் 15 விழுக்காடு வரை கழிவும் கொடுக்க வேண்டும். இது விலை நிர்ணயக் கூட்டு என்று போட்டி ஆணையமான மைசிசி 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்து, பியாமும் 22 நிறுவனங்களும் விதியை மீறியதாகச் சொன்னது. 17 கோடியே 36 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட அபராதம், கோவிட் காலம் என்பதால் கால் பங்கு குறைக்கப்பட்டு, சுமார் 13 கோடி வெள்ளியானது. பேங்க் நெகாரா சொன்னபடிதான் செய்தோம் என்று பியாம் வாதாடியது. 2022 செப்டம்பரில் போட்டி மேல்முறையீட்டு நடுவர் மன்றம் அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது.

யார் சரி என்பதை விடுங்கள். கூலியை இறுக்கிப் பிடித்தால், பட்டறை அந்தப் பணத்தைப் பாகப் பட்டியலில் தேடும் ஆசை வராதா? என் கணிப்பில் சிக்கல் தொடங்குவது அங்கேதான். கார்க்காரர் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

அடுத்தது இழுவை லாரி. விபத்து நடந்த சில நிமிடங்களில் யாரும் அழைக்காமலே வந்து நிற்கும் லாரிக்காரர், "எல்லாம் நான் பாத்துக்கிறேன்ணே" என்று ஒரு வெற்றுப் பாரத்தை நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால், கார் எந்தப் பட்டறைக்குப் போகிறது, கோரிக்கையில் என்ன எழுதப்படுகிறது என்பது நம் கையை விட்டுப் போய்விடும். முதலில் காப்புறுதி அட்டையில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்வது சட்டக் கடமை. அதைப் பட்டறைக்காரரின் ஆள் சொல்லச் சொல்ல எழுதக் கூடாது.

பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே புதிய சேதம் தெரிவது உண்டு. பில் கூடியதாலேயே அது மோசடி ஆகிவிடாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம், அது ஒப்புக்கொண்ட பாகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட காரைப் படம் எடுத்து வையுங்கள். காரை எடுக்கப் போகும்போது பட்டியலும் கையுமாக நின்று, கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறைகள் விவரமான பில் தர வேண்டும் என்பதற்கு 2002-ஆம் ஆண்டிலிருந்தே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி விதிமுறைகள் உள்ளன. "மொத்தமா இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

பொருந்தாதது தெரிந்தால், காப்புறுதி நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். கையிலிருந்து பட்டறைக்குக் கட்டிய பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் போகலாம்: 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் தேவையில்லை. காப்புறுதி நிறுவனத்தின் முடிவே தவறு என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையான எஃப்.எம்.ஓ.எஸ். இருக்கிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். அந்தப் பதில் கடிதத்தின் தேதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.