கடைசிப் பிடி யாருக்கு?

பௌர்ணமி வந்தால் அடி அண்ணாமலை வழியே மக்கள் வெள்ளம்! 14 கிலோமீட்டர் மலை சுற்றுவோருக்கு வழியெங்கும் அன்னதானம். நல்லது, பசித்தவர்க்குச் சோறிடுவது பண்பாடு. ஆனால் பாதையை விட்டு நாலு தெரு உள்ளே வாருங்கள், தோழர்களே! கணவனுக்கும் மாமியாருக்கும் மக்களுக்கும் பரிமாறிவிட்டுப் பானையின் அடியைச் சுரண்டுகிறாளே தாய், அவளுக்குச் சோறிடுவது யார்?

பிள்ளை பெற்றவள் உறக்கமின்றித் தவிக்கிறாள்; குழந்தையின் முகம் பார்க்கவும் மறுக்கிறாள். உடனே பேய் என்கிறோம். பூசாரியைத் தேடி ஓடுகிறோம்! பேயுமல்ல, பிசாசுமல்ல, அது நோய்!

அண்டையிலுள்ள வேலூர் மாவட்டக் கிராமங்களில் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள்: பிள்ளை பெற்றபின் மனச்சோர்வுக்கு ஆளாவோர் 100க்கு 11 பேர். ஆண் வாரிசுக்கு ஏங்கிய வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடன் மனக்கசப்பு, உதவிக்கு ஆளில்லாமை, இவற்றோடு குறைந்த வருமானமும் காரணமாக நிற்கிறது. வருமானம் குறைந்தால் முதலில் குறைவது எது? அவள் தட்டு!

பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956இல் மதிய உணவும் 2022இல் காலை உணவும் கண்ட நாடு இது. கருவுற்ற நாள் முதல் பிள்ளை பெற்று 6 மாதம் வரை அங்கன்வாடி வழியே தாய்க்கு உணவு உரிமை என்கிறது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சத்துமாவு அவள் வாய்க்குப் போகிறதா, வீட்டில் பலருக்குப் பங்காகிறதா? குழந்தையின் எடை பார்க்கும் நாளில் தாயின் மனத்தையும் விசாரிக்கட்டும் சுகாதார நிலையம்!

வேலை முடிந்து வீடு திரும்பும் தோழனே! தட்டின் முன் அமருமுன் கேள்: "நீ சாப்பிட்டாயா?" டில்லியில் இயற்றிய சட்டம் குடிசையில் உயிர் பெறுவது அந்தக் கேள்வியில்தான்!