கூண்டினுள் ஒரு சிறு சோலை



வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கம்பிவலை அடித்து, சிறு பறவைகளை வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. வெறுங் கம்பியும் தகரமுமாக நிற்கும் கூண்டைக் கண்டு மனம் நிறைவடையாத பெற்றோர், "உள்ளே என்ன செடி வைக்கலாம்?" என்று வினவுவது இயல்பே. விடை கூறுமுன் ஒன்றை உணர்தல் வேண்டும். தோப்பில் திரியும் பறவை, ஒவ்வாத இலையை விட்டு வேறு மரத்திற்குப் பறந்துவிடும். கூண்டுப் பறவைக்கு அந்த உரிமை இல்லை. நாம் நட்டதே அதன் காடு. ஆகவே செடியை நம் கண்ணழகுக்காக அன்றி, அதன் அலகுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்தல் நம் கடமையாகும்.

முதலில் பறவையை அறிவோம். பச்சைக்கிளி, சில்லை முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்தலும் கூண்டில் அடைத்தலும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகளே. இவையும், வரிகள் கொண்ட சீப்ரா ஃபின்ச் குருவிகளும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டவை. புல்லின் விதையே இரண்டிற்கும் இயற்கை உணவு. எனினும் குணத்தில் இவை வேறானவை. ஃபின்ச் குருவி செடியில் ஒளியும், கூடு கட்டும், ஆனால் செடியை அழிப்பது குறைவு. பட்ஜெரிகரோ பட்டையையும் தளிரையும் கொறித்து, சில நாட்களிலேயே செடியை வெறுங்குச்சியாக்கிவிடும்.

எனவே ஃபின்ச் வளர்ப்போர் செம்பருத்தி, தொட்டியில் வளரும் குட்டை மூங்கில், துளசி ஆகியவற்றைக் கூண்டினுள் வைக்கலாம். அகன்ற தட்டில் அறுகம்புல்லும், தினையும் கம்பும் விதைத்தால், இளங்கதிரைக் குருவிகள் விரும்பி உண்ணும். பட்ஜெரிகர் வளர்ப்போர் உள்ளே செடி வைத்து ஏமாறுவதைவிட, நாள்தோறும் முருங்கை, கொய்யா, வேம்பு ஆகியவற்றின் பச்சைக் கிளைகளைக் கட்டித் தொங்கவிடுதல் நன்று. நிழலுக்கு, வலைக்கு வெளியே சற்றுத் தள்ளி முல்லைக்கொடியைப் படரவிடலாம்.

இனி, விலக்க வேண்டியவை. அரளி நம் தெருவெங்கும் பூத்துக் குலுங்குகிறது. ஆயினும் அதன் இலை, பூ, பட்டை, வேர் அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அதன் குச்சியை வெட்டிப் பறவை அமரும் கோலாக வைப்பதும் தீங்கே. பொன்னரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி ஆகியவற்றையும் அண்டவிடலாகாது. வீட்டினுள் அழகுக்காக வைக்கும் மணி பிளாண்ட் கொடியும் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும் இயல்புடையது.

நல்ல செடியும் நஞ்சாகக்கூடும் என்பதை மறத்தலாகாது. நர்சரியில் வாங்கும் செடிக்குப் பூச்சிமருந்து இட்டிருக்கலாம். வேர் வழியே இலைக்குள் ஏறிய மருந்து, இலையைக் கழுவுவதால் நீங்காது. ஆகவே செம்பருத்தியைத் தெரிந்த வீட்டிலிருந்து குச்சி வாங்கி நடுதலும், தானியத்தை நாமே விதைத்தலும் சாலச் சிறந்தவை. கூண்டினுள் ஒருபோதும் மருந்து தெளிக்க வேண்டாம்.

செடி வேரூன்றித் தழைத்த பின்னரே பறவைகளை உள்ளே விடுங்கள். இதற்கு ஓரிரு மாதங்கள் ஆகலாம். தொட்டிகளை இரு வரிசையாக வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே இருக்கையில் மற்றொன்று வெளியே வெயிலில் தேறுமாறு மாற்றி மாற்றி வையுங்கள். அமரும் கோல்கள் செடிக்கு நேர் மேலே இருந்தால் எச்சம் விழுந்து இலை கருகும். இலைகளில் காலையில் நீர் தெளித்தால் அவை தூய்மையாவதோடு, குருவிகளும் ஈர இலையில் புரண்டு நீராடி மகிழும். எனினும் தொட்டியில் நீர் தேங்கலாகாது. ஈரக் குப்பையில் வளரும் பூஞ்சை பறவையின் மூச்சுறுப்பைக் கெடுக்கும். செடி அடர்ந்த இடத்தில் எலியும் மறையுமாதலால், தரையில் அமைந்த கூண்டின் வலையை ஓரடி ஆழம் புதைத்தல் நலம்.

பெற்றோரே, பறவை வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிக்கும்போது, முதலில் அவர்கள் கையில் ஒரு பிடி தினையையும் ஒரு மண்தட்டையும் கொடுங்கள். அதை விதைத்து, நீரூற்றி, முளை கதிராகும்வரை காத்திருக்கும் பொறுமை அவர்களிடம் உண்டா என்று பாருங்கள். பெயர் அறியாத செடியை உள்ளே வைக்கலாகாது என்பதையும் கற்பியுங்கள். ஒரு தட்டுப் புல்லை வாடாமல் காத்த பிள்ளையை நம்பிச் சிறு பறவையை ஒப்படைக்கலாம்.