சிரிப்பு சொல்லும் சாட்சி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண ஆராதனையை நடத்தும்படி திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சென்றிருந்தேன். மணமகன் வீட்டார் தமிழர். மணமகள் வீட்டார் தெலுங்கர். ஆசீர்வாத ஜெபம் முடிந்தவுடன், எங்கள் சித்தூர் சபைக்கு வரும் ஒரு வாலிப சகோதரன் மைக்கை வாங்கினான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாங்கூழ்த் தொழிற்சாலை வேலைக்கு வந்து சில மாதங்களே ஆனவன். தான் கற்றுக்கொண்ட தெலுங்கில் உற்சாகமாக அறிவித்தான்: "பந்தி ரெடி, அந்தரூ ரண்டி!"

நமக்குப் பந்தி என்றால் விருந்து வரிசை. தெலுங்கிலோ அதே ஓசையுள்ள சொல்லுக்குப் பன்றி என்று பொருள். "பன்றி தயார், எல்லாரும் வாருங்கள்" என்று அழைத்துவிட்டான்! மண்டபமே அதிர்ந்து சிரித்தது. காரணம் புரியாத அந்தச் சகோதரன் மைக்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றான்.

இந்த மண்ணில் இப்படிப்பட்டவை புதிதல்ல. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை, இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆற்காட்டோடு இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சென்றது; 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் மாறினாலும், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரண்டு மொழிகளும் குடியிருக்கின்றன. ஆகையால் நாக்கு தடுமாறுவதும் சுற்றியிருப்போர் சிரிப்பதும் இங்கே அன்றாடக் காரியம்.

அன்று சிரித்தவர்களில் மணமகளின் பாட்டியும் ஒருவர். கண்ணீர் வரச் சிரித்த அந்த அவ்வா, மெல்ல எழுந்து நடந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாயனா, என் கதையைக் கேள்" என்று தொடங்கினார். ஒருமுறை வேலூர் மருத்துவமனை வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தபோது, தாதி ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாராம். "ஊரிக்கே" என்றாராம் அவ்வா. தெலுங்கில் அதற்கு "சும்மாதான்" என்று பொருள். தாதியோ "ஊருக்கே" என்று எடுத்துக்கொண்டு, அன்போடு அவரைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம்! அதைக் கேட்டு அந்தச் சகோதரனும் சிரித்தான்.

ஆனால் அடுத்த ஞாயிறு அவன் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, அந்த அவ்வாவும் சிரித்தார்கள், எனக்கு வலிக்கவில்லை. மேடையிலிருந்த பெரியவர்களோடு சேர்ந்து நீங்கள் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை."

அந்த வார்த்தை என் இருதயத்தில் குத்திற்று. பந்தி என்ற சொல்லின் இரண்டு பொருளும் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அதில் புதிதாகச் சிரிக்க எனக்கு என்ன இருந்தது? மேடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் அவர்களைச் சேர்ந்தவன் என்று காட்டிக்கொள்ளச் சிரித்தேன். அன்று நெருப்பருகே நின்ற பேதுருவைக் கலிலேயப் பேச்சு காட்டிக்கொடுத்தது (மத்தேயு 26:73). என்னையோ என் சிரிப்பு காட்டிக்கொடுத்தது.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன், மக்கள் கூடும் இடங்களில் சுமார் 1,200 சிரிப்புகளைக் கவனித்து ஆராய்ந்தார். அவற்றுக்கு முன் பேசப்பட்டவற்றில் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே ஓரளவாவது வேடிக்கையானவை. மற்றவை சாதாரணப் பேச்சுகளே. தனிமையில் இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதன் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்றும் அவர் கண்டார். அப்படியானால், நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதோடு, யாரோடு சேர்ந்து, யாரைத் தள்ளிவைத்துச் சிரிக்கிறோம் என்பதும் நம்மை வெளிப்படுத்துகிறது அல்லவா?

வேதம் இதை ஒரே குடும்பத்தில் காட்டுகிறது. வாக்குத்தத்தத்தைக் கேட்டு ஆபிரகாம் நகைத்தான் (ஆதியாகமம் 17:17). சாராளோ கூடாரத்திற்குள் தன் உள்ளத்தில் நகைத்தாள்; பின்பு பயந்து, நகைக்கவில்லை என்று மறுத்தாள்; கர்த்தரோ அந்த மறுப்பை ஏற்கவில்லை (18:12-15). ஈசாக்கு பிறந்தபோது அதே சாராள் மகிழ்ச்சியால் நகைத்தாள். கேட்கிற யாவரும் தன்னோடேகூட நகைப்பார்கள் என்றாள் (21:6). குழந்தை பால்மறந்த நாளின் விருந்திலே இஸ்மவேல் பரிகாசம் பண்ணினான் (21:9). அந்த வீடே இரண்டாகப் பிரிந்தது. எபிரெய மூலத்தில் இவை யாவும் ஒரே வேர்ச்சொல். ஓசை ஒன்றுதான், உள்ளே இருந்தது ஒரு முறை சந்தேகம், ஒரு முறை நன்றி, ஒரு முறை ஏளனம்.

அன்றைய மண்டபத்திலும் அப்படியே. அவ்வாவின் சிரிப்பு எழுந்து நடந்துபோய் அவன் கையைப் பிடித்தது. என் சிரிப்போ நாற்காலியைவிட்டு அசையவில்லை.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இந்த வலி தெரியும். பெங்களூரிலும் மும்பையிலும் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் நம் வீட்டில் நடப்பது என்ன? ஊரிலிருந்து வந்த பாட்டியின் பேச்சைப் பிள்ளைகள் கேலி செய்யும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிறோமா? மருமகளின் சமையலை விருந்தினர் முன்னால் பரிகசித்துவிட்டு, விளையாட்டுக்குத்தானே என்கிறோமா? அயலானை வஞ்சித்துவிட்டு விளையாட்டு என்கிறவனைக் கொள்ளி எறியும் பைத்தியக்காரனுக்கு நீதிமொழிகள் ஒப்பிடுகிறது (26:18, 19).

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகைக்க ஒரு காலமுண்டு (பிரசங்கி 3:4). சிரித்த பின்பு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவரும் என்னோடு சிரித்தாரா? அவர் இடத்தில் என்னை வைத்தும் என்னால் சிரிக்க முடியுமா? சிரித்த பின்பு அவரண்டை போனேனா?

அந்த அறையில் அந்தச் சகோதரனிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வாரங்களுக்குப் பின் வந்தான். முன் வரிசையில் உட்காருகிறவன், கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மறுபடியும் மைக்கைக் கையில் வாங்க அவனுக்கு ஓராண்டு ஆயிற்று. ஒரு நொடிச் சிரிப்பு, ஓராண்டு மௌனம்.

யவீருவின் வீட்டில் ஜனங்கள் நம் ஆண்டவரைப் பார்த்து நகைத்தார்கள். அவரோ அந்தச் சிறுபெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினார் (லூக்கா 8:53, 54). நம்முடைய சிரிப்புக்குப் பின்னும் நீட்டப்பட்ட ஒரு கை இருக்கட்டும்.

"ஆண்டவரே, எங்கள் வாயை மட்டுமல்ல, எங்கள் நகைப்பையும் பரிசுத்தப்படுத்தும். எங்கள் சிரிப்பினால் ஒருவரும் உமது பந்தியைவிட்டு எழுந்து போகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்."